தயிர்ப் பெட்டிக்குள் தூக்கம்

வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டிய அன்று, வேலூர்க் கடையின் குளிரூட்டிய தயிர்ப் பெட்டிக்குள் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கடையை வடிவமைத்த மெஹருன்னிசா பதறிப்போய்க் கண்ணாடிக் கதவை இழுத்தாள். கரன்ட் போயிருந்ததால் அது அசையவில்லை. கரன்ட் போனால் குளிர் வெளியேறாதபடி தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. அவளே கேட்டுப் பொருத்தியது.

"அக்கா, மூச்சு இருக்கா பாருங்க!" பெற்றவள் கண்ணாடியில் அறைந்தாள்.

பெட்டிகளுக்கு இடையே தான் தடுப்பு வைக்காதது மெஹருன்னிசாவுக்கு நினைவு வந்தது. குழந்தைமேல் சில்லு விழாதபடி பக்கத்துப் பெட்டியின் கதவை நாற்காலியால் நொறுக்கி, மோர்ப் பாக்கெட்டுகளைச் சரித்துவிட்டு, கையை நீட்டிக் குழந்தையை இழுத்தெடுத்தாள். கடையின் அனல் பட்டதும் அது வீறிட்டது.

விளக்குகள் எரிந்தன. தயிர்ப் பெட்டி மறுபடி உறுமியது.

பெற்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "கரன்ட் வந்திருச்சுக்கா. குடுங்க, உள்ள படுக்க வெச்சிடறேன்."