தற்செயலாகப் பட்டது

பதினோராவது முறையாக அந்த நான்கு நொடிகளை ஓடவிட்டார்கள்.

சங்கத் தலைவர் தேநீரில் முக்கிய பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதே ஈர விரலை மடிக்கணினித் திரைமேல் வைத்து, "இந்தா, இங்க நிறுத்து" என்றார்.

நான் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. மூவருமே ஒரு காலத்தில் கூடைப்பந்து நடுவர்கள். புகார் எழுதிக் கொடுத்தவள் நான். நானும் நடுவர்தான், பதினாறு வருடமாக. தப்பு என்று முடிவானால் அந்த ஆளுக்கு ஓராண்டுத் தடை. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்கு அவன் வந்து நிற்பான். நானும் அதே மைதானத்தில் ஓடியாக வேண்டும்.

செயலாளர் விதிப்புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

தொட்டதால் நகர்வு தடைப்பட்டதா? இல்லை.

நிலை தடுமாறியதா? லேசாக. விழவில்லை.

தொட்டவருக்கு ஏதாவது ஆதாயம் கிடைத்ததா? பொருளாளர் மூக்கைச் சொறிந்தபடி நெடுநேரம் யோசித்தார். பிறகு, பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

வேகத்தைக் குறைத்து ஒருமுறை போடச் சொன்னேன். மெதுவாக ஓட்டினால் எல்லாமே தப்பு மாதிரிதான் தெரியும் என்று மறுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் நான் புதியவர்களுக்கு நடத்துகிற பாடம். பட்டதெல்லாம் ஃபவுல் இல்லை. பத்துப் பேர் ஓடுகிற இடத்தில் தோள் இடிக்கும், முழங்கை படும். ஆட்டத்தைக் கெடுக்காதவரை விட்டுவிட வேண்டும். யாரும் யார்மேலும் படக் கூடாதென்றால் பிள்ளைகள் கேரம் ஆடப் போகட்டும் என்பேன், வகுப்பே சிரிக்கும். செயலாளர் அதையும் ஞாபகமாக எனக்கே சொல்லிக் காட்டினார். மூவரும் சிரித்தார்கள். என் சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டபோது நாக்கைக் கழுவிக்கொள்ளலாம் போல இருந்தது.

"தற்செயலா பட்டதும்மா. வேணும்னு பண்ண மாதிரி தெரியல," என்றார் தலைவர்.

பூசி மெழுகுவது என்று வந்துவிட்டால் இவர்கள் மூவரும் ஒரே அணி.

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "பந்து எங்க இருக்கு சார்?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். தெரியாமலா இருக்கும்? படத்தில் பந்தே இல்லை. ஆட்டக்காரர்களும் இல்லை. அது இடைவேளை நேரம். இரண்டு அணிகளும் உள்ளே போய்விட்டன. ஸ்கோர் மேசைமேல் குனிந்து ஃபவுல் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவள் நான். எனக்குப் பின்னால், என்னுடையதைப் போன்ற சாம்பல் சட்டையில் நிற்பவன் அன்றைய ஆட்டத்தின் இன்னொரு நடுவர். அவனுடைய வலது கை, அந்த நான்கு நொடியும், என் இடுப்புக்குக் கீழே இருக்கிறது.

தலைவர் மடிக்கணினியை மூடினார்.

"அவ்வளவு பெரிய தப்புன்னா நீ அப்பவே விசில் அடிச்சிருக்கலாமேம்மா? கழுத்துலதானே தொங்குச்சு."

மற்ற இருவரும், கேட்க வேண்டிய கேள்விதான் என்பதுபோல, பேனாவைத் திறந்து என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.