குளிர்ந்த கண்ணாடி

கொட்டகையில் இருப்பவர்கள்: கால்நடை டாக்டரம்மா, ஆட்டுக்காரி, அவள் கொழுந்தன், மூத்திர வாடையடிக்கும் ஒரு கிடா. ஜன்னல் வெளிச்சத்தில் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கிறார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பதினெட்டுப் பெட்டைகள் பருவத்துக்கு வந்து கத்துகின்றன. போன மாதம் காய்ச்சலில் படுத்து எழுந்த இந்த ஒரே கிடாவின் விந்தில் உயிர் இருந்தால்தான் அடுத்த ஈற்றுக்குக் குட்டிகள். “ஒண்ணுமே அசையலம்மா” என்கிறார் டாக்டரம்மா. கொழுந்தன் கிடாவின் கொம்பை விடுகிறான். “நிக்கிறது மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி. கறிக்கடைக்கு ஓட்டிடலாம் அண்ணி.” “நீ வாய மூடு. டாக்டரம்மா, அந்தச் சொட்டு வச்ச கண்ணாடியத் தொட்டுப் பாருங்க. நாந்தான் பச்சத்தண்ணியில கழுவித் தொடச்சு வச்சேன். சில்லுனு பட்டாச் செத்துடாதா?” டாக்டரம்மா தொட்டுப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார். வெதுவெதுப்பான நீரில் நிற்கும் குப்பியில் இன்னும் ஒரு சொட்டு விந்து மிச்சமிருக்கிறது. ஆட்டுக்காரி வேறொரு கண்ணாடித் துண்டைச் சூடேற அக்குளில் இடுக்கிக்கொண்டு, கை தூக்கப் பயந்தவள்போல் நிற்கிறாள். கொழுந்தன்கூடச் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை டாக்டரம்மா வெகுநேரம் நிமிரவே இல்லை. கிடா காலால் தரையைப் பிறாண்டுகிறது. “பாதி ஓடுது. பாதி அப்படியே கெடக்கு. மூணு வாரம் பொறுத்து இன்னொரு தடவ பாத்துட்டு விடுங்க.” “அதுக்குள்ள இந்தப் பருவம் போயிடுமே. சினை பிடிக்குமா, பிடிக்காதா?” “உறுதியாச் சொல்ல முடியாதும்மா.” ஆட்டுக்காரி கிடாவின் கயிற்றை அவிழ்க்கிறாள். கிடா மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு பெட்டைகளுக்குள் நுழைகிறது. அவள் தடுப்பின் கதவைச் சாத்திப் பூட்டுகிறாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறாள்.