மூடிக்குள் கேமரா

நான்கு வருடமாக என் மகன் சுதீர் சொன்ன ஒரு விஷயத்தை நான் நம்பவில்லை. நம்பியது போல் இருந்துவிட்டேன்.

அவன் திருப்பதியில், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். நான் விஜயபுரத்தில் தனியாக இருக்கிறேன். அவன் அம்மா இல்லை. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வீடியோ கால் போடுவேன். அவனுக்கு என் முகம் தெரியும். எனக்குத் தெரிவது கறுப்புத் திரையில் ஒரு வட்டம், அதற்குள் ‘எஸ்’ என்று ஓர் எழுத்து.

“ஏண்டா, உன் மூஞ்சி தெரியலையே?”

“லேப்டாப்ப மூடி வச்சிக்கினு வேலை செய்யறேன் நைனா. டாக்னு ஒரு டப்பாவுல சொருகி, பெரிய மானிட்டர்ல பாக்கறேன். கேமரா மூடிக்குள்ள மாட்டிக்கினு கீது.”

“மூடினா அணைஞ்சிடாதா?”

“அணையாது நைனா.”

“அப்போ போன்ல வா.”

“அது சார்ஜுல கீது.”

ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் போன் சார்ஜில்தான் இருந்தது.

ஆனால் என்னைப் பார்ப்பதில் அவன் குறை வைக்கவில்லை. “சட்டைல ரெண்டாவது பித்தான் எங்க நைனா? கன்னம் ஒட்டிப்போச்சே, ஒழுங்கா துன்றியா இல்லியா?” என்பான். நான் அந்த ‘எஸ்’ஸையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது மீசை வைத்திருக்கிறானா? என்னைப் போல் முன்நெற்றி ஏறிவிட்டதா?

உடம்புக்கு ஏதாவதா? வேலை போய்விட்டதா? இல்லை, அவள் தடுக்கிறாளா? அவன் பெண்டாட்டி ஸ்வர்ணலதா எங்கள் ஆட்கள் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அதனால் கடைசிச் சந்தேகம்தான் எனக்கு வசதியாக இருந்தது.

போன வாரம் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். நேராக ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஹரிபாபுவின் மேசையிலும் லேப்டாப் மூடிக் கிடந்தது. அவர் பெரிய திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மூடி வச்சிக்கினு வேலை செய்யறேன், அதான் கேமராவுல மூஞ்சி தெரியலைன்னு என் பையன் சொல்றான். மூடியிருந்தாலும் வேலை செய்யுமா?”

“செய்யும்ண்ணா. உங்க பையன் சொன்னது நிஜமே.”

எனக்கு வெட்கமாகிவிட்டது.

“ஆனா மூடியத் தூக்க எவ்ளோ நேரம்ண்ணா ஆகும்? தூக்கினா கேமரா வேலை செய்யுமே!”

வெட்கம் கோபமானது.

“மானிட்டர் மேல மாட்டற கேமரா ஒண்ணு குடுங்க. இனிமே என்ன சாக்கு சொல்றான்னு பாக்கறேன்.”

“பையன் வீடு உள்ளூர்தானேண்ணா? அட்ரஸ் சொல்லுங்க, நானே வந்து மாட்டித் தரேன்.”

அவன் அட்ரஸை நான் ஒருநாளும் கேட்டதில்லை. “இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்று போனை எடுத்தேன்.

‘எஸ்’ வந்தது.

“மூடியத் தூக்க ஒரு நிமிஷம்கூட ஆகாதாமே! யார்றா தூக்க வேணாம்னது?”

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். இத்தனை வருடத்தில் அன்றுதான் கேட்டேன்.

“நீங்கதான் மாமா.”

“லதா, விடு” என்றான் சுதீர்.

“இல்லீங்க, இன்னிக்கு சொல்லிடறேன். கல்யாணத்தப்போ உங்க வாசல்ல நின்னுக்கினு கங்கம்மா சாமி மேல சத்தியம் பண்ணீங்களே மாமா, ‘இவன் மூஞ்சிய நான் பாத்தா அன்னிக்கே எனக்கு சாவு’ன்னு. நீங்க நல்லா இருக்கணுமேன்னுதான் இவரு அந்த மூடியத் தொடறதே இல்ல.”

நான் சொன்னதுதான். சொன்ன மறுநாளே மறந்தும் போயிருந்தேன்.

ஹரிபாபு கேமரா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

திரையில் அந்த எழுத்து அசையாமல் இருந்தது. அதைப் பார்த்துக் கேட்டேன்:

“சுதீர்... உன் வீடு எந்தத் தெருவுலப்பா கீது?”