நெஞ்சு முடி

கொக்கைனை விட்டு இருபத்து மூன்று நாளாகியிருந்ததால் செல்வின் பயமில்லாமல்தான் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தான். சிறுநீரில் அது நாலைந்து நாளுக்கு மேல் தங்காது என்று அவனுக்குத் தெரியும். அடுத்த வாரம் அவன் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக ஏற வேண்டும்.

"யூரின் வேண்டாம் சார். உங்க கம்பெனி இந்தத் தடவ முடி கேட்டிருக்கு," என்றாள் அங்கிருந்த பெண், கத்தரிக்கோலை எடுத்தபடி. "முடின்னா மூணு மாசத்துக் கதையச் சொல்லிரும்."

போன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கியவன், எதிரே இருந்த சலூனில் நுழைந்து மொட்டை போடச் சொன்னான்.

"வேளாங்கண்ணிக்காண்ணே?" என்று கேட்டார் சலூன்காரர்.

ஆமாம் என்றான். பொய் சுலபமாக வந்தது.

திரும்பி வந்தவனைப் பார்த்து அந்தப் பெண் ஆச்சரியப்படவே இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"சட்டையக் கழட்டுங்க சார். நெஞ்சு முடி போதும். அது தலைமுடிய விட ரொம்ப நாள் வச்சிருக்கும்."

"நான் விட்டுட்டேன் மேடம். இருபத்து மூணு நாளாச்சு. சத்தியமா." மனைவியிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை.

"நல்லது சார். ஆனா மெஷினுக்கு அது தெரியாதே."

செல்வின் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். கத்தரிக்கோல் சில்லென்று நெஞ்சில் பட்டது. எப்படியும் மாட்டத்தான் போகிறோம், இனி எதற்கு அதைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டது. அதன் குரலில் சந்தோஷம் இருந்தது.