குடும்பத்தார் மேடைக்கு வரவும்

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் இறந்த போர் விமானிகளுக்குத் தாம்பரத்து மண்டபமொன்றில் அஞ்சலிக் கூட்டம். ஓய்வுபெற்ற விமானி ஜீவானந்தத்தை மகள் ஷீலா கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தாள். அம்மா இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒவ்வொரு படத்துக்கும் அந்தந்தக் குடும்பத்தார் விளக்கேற்றினார்கள். கடைசிப் படம் எமர்சன் துரைராஜ். இரண்டு முறை அழைத்தும் யாரும் எழவில்லை.

“பாவம்ப்பா. அவருக்கு யாருமே இல்லையா?” என்றாள் ஷீலா.

“அன்னைக்கு எனக்கு ஜுரம். எனக்குப் பதிலாத்தான் அவன் போனான்.”

“தெரியும்ப்பா. சொல்லியிருக்கீங்க.”

“அவன் பொண்டாட்டிக்கு அப்ப ஏழு மாசம். அதைச் சொன்னதில்லை.”

“ஐயோ! அவங்க என்ன ஆனாங்க?”

“நான் கட்டிக்கிட்டேன்.”

ஷீலா அவரையே பார்த்தாள்.

“தான் உயிரோட இருக்கிற வரைக்கும் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. போம்மா, கூப்பிடறாங்க.”

அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கால்கள் தாமாக நடந்து அவளை மேடையில் கொண்டுபோய் நிறுத்தின.

“நீங்க அவருக்கு யாரு மேடம்?” என்று மைக்கை நீட்டினார்கள்.

“பொண்ணு” என்றாள். வேறு யாரோ பேசியது போலிருந்தது.