ஜன்னல் சீட்

“இப்ப கடல் மேல போய்கினு இருக்கானாம். ஜன்னல் வழியா படம் பிடிச்சு அனுப்பியிருக்கான்” என்றாள் பொன்னம்மாள், செல்போனைப் பார்த்தபடி.

தறியில் உட்கார்ந்திருந்த சுப்பராயலு தலையைத் தூக்கவில்லை. “நான் கேட்டனா?”

“நீங்க எங்க கேக்கறீங்க? நானா சொல்றேன். மொத மொதல்ல பிளேன் ஏறியிருக்கான் பிள்ள, ஜெர்மனிக்கு. பிளேன்லயே நெட்டெல்லாம் உண்டாம்.”

பதிலுக்குத் தறிச் சத்தம்தான் வந்தது. பொன்னம்மாள் பெருமூச்சு விட்டு ராட்டையின் முன்னால் உட்கார்ந்தாள். காலையிலிருந்து பட்டு நூல் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்று விடும்போல இருந்தது.

தீபாவளியிலிருந்து அந்த வீட்டில் இதே கதைதான். தன் தங்கை மகளை மகன் விக்னேஷுக்கு நிச்சயம் செய்து, முகூர்த்தப் புடவையையும் சுப்பராயலு தன் கையாலேயே நெய்து முடித்த பிறகு, பையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்பன் கத்த, மகன் கத்த, பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பியவனிடம் பொன்னம்மாளும் ஆத்திரத்தில் கத்திவிட்டாள். “உங்கப்பாகிட்ட பேசி சமாதானம் ஆவற வரைக்கும் எனக்கும் போன் பண்ணாத!”

பாவி, அந்தச் சொல்லை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டான். இன்று அவன் விமானம் ஏறுவதே பக்கத்து வீட்டு தீபா சொல்லித்தான் தெரியும். பொன்னம்மாளின் போனில் கடலும் இல்லை, படமும் இல்லை. சொந்தக்காரர்கள் அனுப்பிய காலை வணக்கம்தான் இருந்தது.

இந்த மனுஷன் மனசு கொஞ்சம் இளகட்டும், ஒரு வார்த்தை அவனிடம் பேசட்டும் என்றுதான் இத்தனை பொய்யும். அப்பனும் மகனும் பேசினால்தானே அவள் காதில் ‘அம்மா’ என்ற சத்தம் விழும்!

சுப்பராயலுவின் போன் ‘டிங்’ என்றது. தறியை நிறுத்தி எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

“யாருங்க?”

“கடைக்காரன். டிசைன் டிசைனா அனுப்பி பேஜார் பண்றான்.”

பொன்னம்மாள் விடவில்லை. “இப்ப மேகமாம்ங்க. பால் பொங்கின மாதிரி வெள்ளவெளேர்னு இருக்குது.”

“உம்.”

உம் கொட்டிவிட்டாரே! பொன்னம்மாளுக்குத் தெம்பு வந்தது. “இப்ப கீழ ஊர் தெரியுதாம். பச்சைப் பசேல்னு வரிசையா தென்னை மரம். நம்ம தேவிகாபுரம் பக்கம் மாதிரியே இருக்குதும்மான்னு எழுதியிருக்கான்.”

தறி நின்றது.

“தென்னை மரமா?”

“ஆமாங்க.”

“ஜெர்மனி போற வழியிலயா?”

“எனக்கு இன்னாங்க தெரியும்? அவன் அனுப்பறதத்தானே சொல்றேன்” என்று சமாளித்தாள்.

மறுபடி ‘டிங்’. இந்தத் தடவை சுப்பராயலு வெகுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரும்பவும் பார்த்தார்.

பொன்னம்மாளிடம் இனிச் சொல்லப் பொய் மிச்சமில்லை. போனைத் தரையில் வைத்துவிட்டாள்.

“போதும்ங்க, என்னால முடியல. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து அலுத்துப் போச்சு. எங்கயோ போறான், நல்லா இருக்கட்டும். இனிமே அவன் பேச்சையே எடுக்கல.” புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சுப்பராயலு தறியை விட்டு எழுந்து வந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனை அவள் மடியில் வைத்தார்.

“அழாதமே. தென்னை மரம் இல்ல, பனிமலை. தீபாவளியிலருந்து எனக்குத்தான் தெனமும் அனுப்பிகினு இருக்கான்... இன்னா பதில் போடறதுன்னுதான் தெரியல.”