மூடினால் தூங்க வேண்டும்

வேம்புலி காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரத்தில், உள்ளறையில் விசிறி மறுபடி இரைய ஆரம்பித்தது.

மின்விசிறி அல்ல. என் மகள் அனுசுயாவின் லேப்டாப்.

மூடி வைத்தால் அது தூங்க வேண்டுமாம். தூங்குவதில்லை. பைக்குள் கிடந்து கொதிக்கிறது. தப்பித் தவறித் தூங்கினால் எழுந்திருப்பதில்லை. வாங்கும்போது உள்ளே இருந்ததை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டவள் அவள்தான். காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டுகிறாள், பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு.

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். திருமழிசையிலிருந்து மாப்பிள்ளைப் பையன் கிஷோர், அவனுடைய அம்மா, அப்பா வேம்புலி. மூன்று வருடம் தேடி அமைந்த இடம். தட்டிப்போகக் கூடாது.

வந்ததும் வராததுமாக வேம்புலி கேட்டார்: "கேஸு, கோர்ட்டு, வேலையில கெட்ட பேரு, அந்த மாதிரி ஒண்ணும் கெடையாதே சம்பந்தி?"

"அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரே கம்பெனி. முப்பத்தோரு வருஷம். ஒரு மெமோகூட வாங்குனது கெடையாது" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன்.

அவருக்குத் திருப்தி. ஒன்றும் முடிவாகாத நிலையிலேயே சம்பந்தி என்று இன்னும் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

இனி அனுசுயா வெளியே வந்து ஒரு வணக்கம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நான் இருமினேன். கொஞ்சம் பெரிதாக இருமினேன். அவளோ போனில் ஆபீஸ் சிநேகிதனிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

"சஸ்பெண்ட் ஆயிட்டா திரும்பி வரவே மாட்டேங்குது ஜீவா! எத்தன தடவதான் பாக்குறது?"

வேம்புலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாங்க, யாரு சஸ்பெண்டு?"

சம்பந்தி போய்விட்டது.

அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் நான் விட்டதே இல்லை. இவளுக்கு யார் சொன்னது? என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"நாப்பது நாள்தாங்க. தொண்ணூத்தி நாலுல. சூப்பர்வைசர எதிர்த்துப் பேசிட்டேன். அப்பால விசாரணை வெச்சி, என் மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பேப்பர் பீரோவுல கீது."

அறைக்கதவு திறந்தது. அனுசுயா லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"அப்பா... நான் இது தூங்குறதச் சொன்னேம்பா."

வேம்புலி லேப்டாப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் அடக்குவது தெரிந்தது.

"ஒக்காருங்க சம்பந்தி" என்றார்.

உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? அந்த நாற்பது நாளும் காலையில் வழக்கம்போலக் கிளம்பி, ஆவடி ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தவன் நான். கட்டியவளுக்குக்கூடத் தெரியாமல் இத்தனை வருடம் காத்தது, தூங்கத் தெரியாத ஒரு பெட்டியால் போயிற்று.

என் மனைவி அங்கம்மா பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"நாப்பது இல்லீங்க, முப்பத்தெட்டு" என்றாள் வேம்புலியின் மனைவியிடம். "கம்பெனிக்குப் போற நாள்ல இவரு சோத்து டப்பாவக் கழுவி எடுத்துக்கினு வருவாரு. முப்பத்தெட்டு நாள் கழுவாம வந்துச்சு."